அம்மாவோட சூப்பு

உங்கம்மாவுக்கு முள்ளங்கின்னாலே ஆகாதுடா, மடையா.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்தாள். நினைத்ததோடு விடாமல், மனசுக்குள்ளேயே இன்னும் இரண்டு மூன்று தடவை அவனை மடையா என்று கூப்பிட்டும் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. வாயால் என்றால் ‘தம்பி’ என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். மூத்த மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கொழுந்தனை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த ஒரு சொல்லை இத்தனை வருஷம் சொல்லிப் பழகியதில், அதற்குள்ளேயே எல்லா வசவையும் மடித்து வைத்து அனுப்புகிற வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. என்ன, போய்ச் சேருகிற இடத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

முள்ளங்கி இன்னும் வெளியே வரவில்லை. ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கிடந்தது. சமையல் மேடைமேல் இருந்தவை கொத்துக்கறி, கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், நாலு பல் பூண்டு. அவற்றைப் பார்த்துத்தான் கொழுந்தன் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

“இதேதான் அண்ணி. எங்க சமையல்காரரும் இதெல்லாம்தான் போடறாரு. ஆனா அம்மாவோட கைப்பக்குவம் வரமாட்டேங்குது.”

கைப்பக்குவம். அவள் ஒரு கேரட்டை எடுத்துத் தலையைச் சீவினாள். அது தேவைக்கு மேலேயே வேகமாகப் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது.

கொழுந்தனுக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். அவன் எங்கேயும் மேனேஜராக இருந்ததில்லை. குளியலறைக்கு டைல்ஸ் விற்கும் கடையில் விற்பனையாளனாக இருந்தான். வேலையைச் செய்யமாட்டான், செய்ய வைப்பான், செய்து முடித்ததும் நடுவில் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வான் என்பதால் அவள் மகள் வைத்த பெயர் அது. அந்த மேனேஜர் இப்போது டைல்ஸ் கடையை விட்டுவிட்டு, ஆபீஸ்கள் வரிசையாக இருக்கிற தெருவில் ஒரு சூப் கடை திறக்கப் போகிறான். பலகை எழுதியாகிவிட்டது. ‘அம்மாவின் சூப்’ என்று கொட்டை எழுத்தில். பக்கத்தில் மாமியாரின் படம். அந்தப் படத்தில் அவள் கையில் ஒரு கரண்டியை வைத்து வரைந்திருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அந்தக் கை கரண்டி பிடித்ததைவிட, கரண்டி பிடித்தவர்களைப் பார்த்து நீண்டதுதான் அதிகம்.

கடைக்குச் சமையல்காரர் ஒருவரைப் பிடித்திருந்தான். அவரும் தன்னால் ஆனமட்டும் வைத்துப் பார்த்துவிட்டார். வாயில் வைத்தால் கறித்தண்ணீர் மாதிரி இருக்கிறதே தவிர, அந்த ருசி வரவில்லை. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜரும் அவன் மனைவியும் நேரே இங்கே வந்துவிட்டார்கள். அண்ணி ஒரு தடவை செய்து காட்டினால் போதும், அதைப் போனில் படமாக எடுத்துக்கொள்கிறோம். சமையல்காரருக்கும் பாடம், கடைக்கும் விளம்பரம். போனை நிறுத்தி வைக்க, கொழுந்தன் மனைவியான அவள் ஓரகத்தி சர்க்கரை டப்பாவைக் கேட்டு வாங்கி, அதன்மேல் சாய்த்து வைத்து, இப்படிக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, வெளிச்சம் மறைக்குது என்றாள். அவளுடைய அடுப்படியில், அவளைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

அதோடு ஒரு வரியும் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டு, போனைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாம் எங்க அத்தை சொல்லிக் கொடுத்ததுதான். அவ்வளவுதான், ஒரே வரி.

சொல்லிக் கொடுத்தாளாம். அவள் கேரட்டை நீளவாக்கில் பிளந்தாள்.

*

மாமியாருக்குக் கறி இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. எலும்பைக் கடித்து உறிஞ்சி, தட்டின் ஓரத்தில் சுத்தமாக அடுக்கி வைத்துவிட்டு, உப்புக் குறைச்சல் என்று எழுந்து போகிறவள். அவளுக்குப் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பல்செட்டு பொருந்தாமல் போனது. கஞ்சி கொடுத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். காய்கறியை மசித்துக் கொடுத்தால் துப்புவாள். துப்புவதற்கு மட்டும் அந்த வாயில் எங்கிருந்தோ பலம் வரும். டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்றார்.

அந்தச் சமயத்தில் மாமியாரைக் கொஞ்ச நாள் சின்னவன் வைத்துக்கொள்வதாகப் பேச்சு வந்தது. கொண்டுபோய் விட்டார்கள். வாரம் திரும்புவதற்குள் அவர்களே காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்க கட்டடத்துல லிஃப்ட் அடிக்கடி நின்னுடுதுக்கா, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படி இறக்கறது, எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரலை என்று ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது.

இவள் கணவன், மேனேஜரின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் கருவிப் பையோடு நேரே தம்பியின் கட்டடத்துக்குப் போனான். மோட்டார் அறையைத் திறக்கச் சொல்லி, கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மேலும் கீழுமாகப் பல தடவை போய்வந்துவிட்டு வீடு திரும்பினான். கை கழுவிக்கொண்டே சொன்னான்.

“அருமையா ஓடுது. இப்பத்தான் சர்வீஸ் பண்ணியிருக்காங்க.”

“அதை உங்க தம்பிகிட்ட சொன்னீங்களா?”

“எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத் துண்டைத் தேடினான்.

அந்த ‘எதுக்கு’ இன்றுவரை அவளுக்குச் செரிக்கவில்லை. தப்பை ஒருவன் செய்தால் கோபப்பட்டுத் தீர்த்துவிடலாம். தப்பைக் கண்டுபிடித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறவனை என்ன செய்வது?

அவள் ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கறையைப் பார்த்துத் தரம் பிரித்து, எந்த இயந்திரத்தில் எது என்று சொல்லி அனுப்புவாள். அந்த வருஷம் அவளைக் கூடத்துக்கே மேற்பார்வையாளராக்குவதாக இருந்தார்கள். அதற்கு நாள் முழுக்க இருக்க வேண்டும். அவள் விடிகாலை முறை கேட்டு வாங்கிக்கொண்டாள், மத்தியானம் வீட்டில் இருக்கலாம் என்று. மேற்பார்வை வேலை, அவள் பழக்கிவிட்ட பெண்ணுக்குப் போனது. நல்ல பெண்தான். இப்போது அவளிடம்தான் இவள் லீவு கேட்க வேண்டும்.

அந்த மத்தியானங்களில்தான் சூப்பு உண்டானது. உண்டானது என்ன, துப்பித் துப்பி ஆனது. முதலில் கறியை வேகவைத்து அரைத்துக் கொடுத்தாள். மாமியார் துப்பினாள். களிமண் என்றாள். குழறிய வாயில் மற்றதெல்லாம் புரியாது, திட்டு மட்டும் தெளிவாகப் புரியும். கொத்துக்கறியைத் தண்ணீரில் போட்டு வேகவைத்தாள். அது மணல் மாதிரி உதிர்ந்து, நாக்கில் ஒட்டி, அதுவும் வெளியே வந்தது. ஒரு நாள் வேறு யோசனையில் கொத்துக்கறியை எண்ணெய் இல்லாமல் சட்டியில் பரப்பி, கிளறாமல் விட்டுவிட்டாள். அடியில் பொன்னிறமாகப் பிடித்து, அதன் கொழுப்பு அதற்கே ஊறி வந்தது. கரண்டியின் முதுகால் உடைத்துவிட்டு வெங்காயம், பூண்டு, பொடிப்பொடியாக வெட்டிய கேரட், உருளை எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிட்டாள். பாதி உருளையைச் சட்டிக்குள்ளேயே மசித்தாள். மாமியார் அதைத் துப்பவில்லை. ஆனால் நாலு வாய்க்கு மேல் வாங்கவும் இல்லை. என்னமோ குறையுது என்று கையை ஆட்டினாள்.

அப்புறம் ஒரு மழை நாளில் கடை எதுவும் திறக்கவில்லை. வீட்டில் இருந்தது கறியும் வெங்காயமும் உருளையும், மகளுக்காக வாங்கி வைத்த முள்ளங்கியும். மாமியார் இருக்கிற வீட்டில் முள்ளங்கி வாங்குவதே திருட்டுத்தனம். அந்த வாடை பட்டாலே தலைவலி என்று கட்டிலில் படுத்துவிடுகிறவள் அவள். பிள்ளைகள் சின்ன வயசில் பள்ளிக்கூடத்துத் தோழன் வீட்டில் முள்ளங்கி தின்றுவிட்டு வந்தால் வாயைக் கொப்புளிக்க வைத்துத்தான் உள்ளே விடுவாளாம். ஆனால் அன்றைக்கு வேறு வழியில்லை. வேலையிலிருந்து வந்ததும், தூங்கிக்கொண்டிருந்த மாமியார் எழுந்திருப்பதற்கு முன்னால், அறைக் கதவைச் சாத்தினாள். அடுப்படி ஜன்னலைத் திறந்தாள். கொத்துக்கறியின் கொழுப்பில் முள்ளங்கியைத் துருவிப் போட்டு, சட்டியை மூடாமல், வாடையெல்லாம் ஜன்னல் வழியாகப் போய், துருவல் சுருங்கிச் சிவந்து லேசாக இனிக்கிற பதம் வரும்வரைக்கும் நின்றாள். அதற்கப்புறம்தான் வெங்காயம், தண்ணீர், மற்றதெல்லாம்.

அன்று மத்தியானம் கிண்ணம் காலியானது. மாமியார் விரலை விட்டு வழித்தாள்.

அன்றிலிருந்து அதுதான். ஃப்ரிட்ஜில் மூடி போட்ட பாத்திரத்தில் எப்போதும் இருக்கும். மகள் கையை வைத்தால், தொடாத, அது பாட்டியோட சூப்பு என்பாள். கணவன் போனில் தம்பியிடம், இன்னைக்கு அம்மாவோட சூப்பு கொஞ்சம் குடிச்சுப் பார்த்தேன்டா, என்ன ருசிங்கற என்பான். மேனேஜர் எப்போதாவது அம்மாவைப் பார்க்க வருவான். கட்டில் பக்கம் போய் நெற்றியைத் தொட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து, அம்மாவோட சூப்பு இருக்கா அண்ணி என்று நின்றுகொண்டே ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவான். நோயாளியின் பங்கிலிருந்து குடிக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

அந்த ‘வோட’வுக்கு அப்போது ஒரே பொருள்தான். அம்மா குடிக்கிற சூப்பு. அம்மாவோட மாத்திரை, அம்மாவோட கட்டில், அம்மாவோட சூப்பு.

மாமியார் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவள் தேநீர் கொண்டுவந்துகொண்டிருந்தபோது கூடத்தில் மேனேஜர் சொல்வது காதில் விழுந்தது. அம்மாவோட சூப்பு மாதிரி இனிமே எங்க கிடைக்கப் போகுது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் தட்டோடு நின்றாள். துக்கத்தில் வாய் குழறிவிட்டது போல என்று நினைத்து, தேநீரை நீட்டினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் சூப்புக்குச் சண்டை போட்டவள் என்ற பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த தடவை அவன் பேச்சில் அம்மா அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதற்கடுத்த தடவை அம்மா சட்டியைக் கிளறிக்கொண்டே அவனை அதட்டி, இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவள் அவன் கண்ணை உற்றுப் பார்த்தாள், எங்காவது ஒரு சின்னக் கள்ளம் தெரிகிறதா என்று. தெரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்கிறவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இவனுக்கு அது ஞாபகமாகவே ஆகிவிட்டது. தன் தாயைக் கடைசி மாதங்களில் பார்க்காத இடத்தில் ஓர் ஓட்டை இருந்திருக்கும். அதை அவளுடைய சூப்பை ஊற்றி அடைத்துக்கொண்டான்.

இதையெல்லாம் வீட்டில் புரிந்துகொண்டது மகள் ஒருத்திதான். கல்லூரியில் படிக்கிறாள், நாக்கு பாட்டியினுடையது. கடைப்பெயரைச் சித்தப்பா பெருமையாகச் சொன்ன அன்று, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“பாட்டியோட பல்செட்டுகூட அலமாரில இருக்கு, சித்தப்பா. அதையும் பாட்டியே செஞ்சாங்கன்னு சொல்லி வித்துடலாமா?”

மேனேஜர் சிரித்தான். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டான். அவள் கணவன் மகளை முறைத்தான். அவளுக்கு, அந்த முறைப்பில் கால்வாசியை அவன் தம்பி பக்கம் ஒரு நாளாவது திருப்பியிருந்தால் என்று தோன்றியது.

*

“ஆரம்பிக்கலாமாக்கா?” என்றாள் ஓரகத்தி. போன் சர்க்கரை டப்பாமேல் தயாராக இருந்தது.

அவள் சட்டியைக் காயவைத்தாள். கொத்துக்கறியைப் பரப்பினாள். சுர்ரென்றது.

“கிளறலையா, அண்ணி?” மேனேஜர்.

“இல்ல.”

“அடி பிடிச்சுடாது?”

“பிடிக்கணும்.”

ஓரகத்தி அதை ரசித்தாள். இப்படியெல்லாம் அத்தை உங்ககிட்ட நுணுக்கமாச் சொல்லியிருக்காங்க பாருங்கக்கா என்றாள். அவள் கரண்டியை இறுக்கிப் பிடித்தாள். இத்தனை நாளும் இந்தக் கோபம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே சுமந்துகொண்டிருந்ததாக அவளுக்குப் பட்டது. பாத்திரம் உடைக்கிற கோபம் இல்லை இது. சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரம் ஓடும்போது தரையில் ஓர் அதிர்வு வருமே, காலில் ஏறி முழங்காலில் நிற்குமே, அந்த மாதிரி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் அசையாமல்தான் நிற்பாள்.

இந்தக் கோபம் யார்மேல் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். செத்தவள்மேலா? இல்லை. அதில் அவளுக்கே ஓர் ஆச்சரியம். அவளைத் துப்பியே ஆட்டிப்படைத்தவள்தான் மாமியார். ஆனால் துப்பியவளுக்கு அந்தச் சூப்பில் ஒரு பங்கு உண்டு. நாக்கு அவளுடையது, கை இவளுடையது. களிமண், மணல், என்னமோ குறையுது என்று அவள் திட்டியிருக்காவிட்டால் இந்தச் சட்டியில் இன்றைக்கு ஒன்றும் இல்லை. ஒருவிதத்தில் பார்த்தால் சொல்லிக் கொடுத்ததுதான். அதை இவளாகவே, தனக்குத் தோன்றும் ஒரு நேரத்தில், தனக்குப் பிடித்த ஒருவரிடம் சொன்னாலும் சொல்லியிருப்பாள். எழுதிக் கொடுத்து, வெளிச்சம் பார்த்து நிற்க வைத்து, சிரித்துக்கொண்டே சொல்லச் சொல்கிற வாய்க்குத்தான் அது வரமாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. கடைசிக்குச் சற்று முன்னால், ஒரு மத்தியானம், மாமியார் ஸ்பூனை வாயிலேயே வைத்துக்கொண்டு அவளை வெகுநேரம் பார்த்தாள். ஒரு துருவல் வேகாமல் மாட்டியிருக்க வேண்டும்.

“முள்ளங்கி” என்றாள். கேள்வியாக இல்லை.

“ஆமா அத்தே” என்றாள் இவள். பொய் சொல்லத் தெம்பு இல்லை. துப்பப் போகிறாள் என்று கிண்ணத்தை முகத்துக்கு நேரே நீட்டினாள். இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று கேட்கப் போகிறாள், இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று காத்திருந்தாள்.

மாமியார் விழுங்கினாள். அப்புறம், இழுத்த வாயின் நல்ல பக்கத்தால், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“நல்லாருக்குன்னு நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத.”

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதையும் வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள். மாமியாரின் சிரிப்பு கோணலாக, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது.

கறி சிவந்துவிட்டது. அவள் கரண்டியின் முதுகால் உடைத்துவிட்டாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஈரத்துணியை எடுத்துப் பிரித்து, வெள்ளையாக இரண்டு முள்ளங்கிகளை மேடைமேல் வைத்தாள்.

ஓரகத்தி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். மேனேஜர் கதவுநிலையிலிருந்து நிமிர்ந்தான். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன், துருவும் சத்தத்தைக் கேட்டு எழுந்து வந்து, தம்பியின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். மகள் அவனுக்கும் பின்னால் வந்து நின்றாள். சின்ன அடுப்படி, வாசல் முழுக்க முகமாக இருந்தது.

துருவல் கொழுப்பில் விழுந்தது. வாடை கிளம்பியது. அவள் எட்டி ஜன்னலைத் திறந்தாள்.

முதலில் பேசியது அவள் கணவன். எப்போதும் வாயில் எதையோ மென்றுகொண்டு இருப்பதுபோல் இருக்கிறவன்.

“அம்மாவுக்கு முள்ளங்கி ஆகாதேடா” என்றான், தம்பியிடம்.

அவள் திரும்பவில்லை. துருவலைத் தள்ளிக்கொண்டே, முதுகால் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை மாதமாகக் காத்திருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

“ஆமால்ல?” என்றான் மேனேஜர். அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. பின்னால் எங்கோ ஒரு கதவு திறந்து, அடுப்பு முன்னால் நின்ற அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தவன்போல ஒரு கணம். அவ்வளவுதான். உடனே கதவைச் சாத்திவிட்டான். “சரி, அதனால என்ன. அதெல்லாம் யாருக்குத் தெரியப் போகுது? முள்ளங்கியை மட்டும் படத்துல வெட்டிடலாம். நீங்க அந்த வரியை மட்டும் சொல்லிடுங்க அண்ணி.”

“அப்ப பாட்டி செய்யலைன்னு உங்களுக்கே தெரிஞ்சுபோச்சுல்ல?” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு. பலகை எழுதியாச்சு, எல்லாருக்கும் சொல்லியாச்சு. அம்மா பேரு நிக்கணும்னுதானே நான் பாக்கறேன்? அண்ணி, இதுல உங்களுக்கு என்ன குறைஞ்சுடப் போகுது? செத்தவங்களுக்கு ஒரு மரியாதை.”

அக்கா அப்படியெல்லாம் நினைக்கறவங்க இல்லை என்று ஓரகத்தி இடையில் புகுந்தாள். அக்காவுக்குப் பெரிய மனசு, எத்தனையோ பண்ணினவங்க, இதைப் பண்ணமாட்டாங்களா என்றாள். எத்தனையோ பண்ணினதை இப்போதுதான், இந்த நிமிஷம்தான், வேண்டும் என்கிறபோதுதான் எடுத்து வெளியே வைத்தாள்.

முள்ளங்கி சுருங்கிச் சிவக்க ஆரம்பித்தது. வாடை போய், இனிப்பாக ஒரு வாசனை மெல்ல எழுந்தது. அவள் வெங்காயத்தைப் போட்டாள், பூண்டைப் போட்டாள், கேரட்டையும் உருளையையும் தள்ளினாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்தது. அவள் கணவனைப் பார்த்தாள். இன்னொரு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. அவனுக்கு அது புரிந்தது. புரிந்ததென்று அவளுக்கும் தெரிந்தது. அவன் தம்பியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

“ஒரு வார்த்தைதானே” என்றான். “சொல்லிடேன்.”

ஆக, அவ்வளவுதான். அருமையாக ஓடுகிற லிஃப்டைப் பார்த்துவிட்டு வந்து துண்டைத் தேடுகிறவன். தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. காலில் அதிர்ந்துகொண்டே இருந்த அந்த இயந்திரம் சட்டென்று நின்றதுபோல் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாது. நின்ற பிறகுதான் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரியும்.

இந்தச் சூப்பை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தாள். பசிக்கிறவர்கள் குடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த மத்தியானங்கள் இருக்கிறதே, துப்பியதைத் துடைத்தது, அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நின்றது, அந்தக் கோணல் சிரிப்பு. ஒரு வார்த்தைதானே என்று கேட்கிறார்களே, அந்த வார்த்தை போனால் அதோடு இதெல்லாமும் போய்விடும். அப்புறம் அவள் அந்த வீட்டில், கரண்டி பிடித்த ஓர் அம்மாவுக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக் கொடுத்தவளாக நிற்க வேண்டியதுதான். நாளடைவில் அவளுக்கும் அது ஞாபகமாகிவிடும்.

அவள் பாதி உருளையைச் சட்டிக்குள்ளேயே கரண்டியால் மசித்தாள். மிளகைத் தூவினாள். உப்புப் பார்த்தாள். சரியாக இருந்தது. உப்புக் குறைச்சல் என்று எழுந்து போக இப்போது யாரும் இல்லை.

“பாத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டாள். “கறியைக் கிளறக்கூடாது. முள்ளங்கியை மூடாம வதக்கணும், மூடினா வாடை உள்ளயே தங்கிடும். அது இனிக்கற வரைக்கும் வேற எதையும் போடக்கூடாது. சமையல்காரருக்குச் சந்தேகம் இருந்தா இங்க வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத் தெரியும் அண்ணி என்றான். ஓரகத்தி போனைச் சற்று நகர்த்தி வைத்தாள். திரையில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. இப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லுங்கக்கா, எல்லாம் எங்க அத்தை சொல்லிக் கொடுத்ததுதான்.

அத்தை சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது உண்மையும்கூட. வாய்வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் மறுப்பதும் மாமியாரோடதாகிவிடும். அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

“தம்பி” என்றாள். இந்தத் தடவை அதற்குள் ஒன்றையும் மடித்து வைக்கவில்லை. “அதை நான் சொல்லமாட்டேன்.”

குரல் உயரவில்லை. கொதிக்கிற சத்தத்துக்குமேல் அது கேட்டதோ இல்லையோ என்று ஓரகத்தி காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள். அக்கா, என்ன சொன்னீங்க, மறுபடி ஒரு தடவை சொல்லுங்க என்றாள்.

அவள் அடுப்பைத் தணித்தாள்.

“சொல்லமாட்டேன்னு சொன்னேன்.”